வந்த காரணம்

மாசி பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று.
ஏரலில் இரண்டு ராத்திரி.
இதற்கு மேல் முடிவு செய்ய ஒன்றுமில்லை என்றேன்.
தளவாய் அதற்குள் நோட்டை எடுத்துவிட்டார்.

பஸ் டிப்போவில் டைம் கீப்பர்.
வந்த வண்டி, போன வண்டி,
நாலு நிமிஷம் பிந்திய வண்டி என்று
பதினெட்டு வருஷம் எழுதிய கை.

ஐந்து பத்துக்கு எழும்புதல்.
ஆறரைக்கு ஸ்ரீவைகுண்டம்.
நவதிருப்பதி ஒன்பதும் மத்தியானத்துக்குள்.
நாலு மணிக்குத் திருச்செந்தூர்.
ஆறுக்கு மணப்பாடு, அஸ்தமனம் (பத்து நிமிஷம்).

சூரியனுக்கே பத்து நிமிஷம்தான் கொடுத்திருந்தார்.

சார்ட் எழுதும் சிவப்புப் பேனாவால்
ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன்.
ஒன்பது பெருமாளை அடிக்க மட்டும் கை வரவில்லை.
பக்கத்தில் எழுதினேன்:
நிற்கிறவரும் கிடக்கிறவரும் அங்கேயேதான் இருப்பார்கள்.
அடுத்த தடவை.

லாட்ஜுக்கு நானே போன் போட்டேன்.
பாலத்துக்குப் பக்கத்தில், இரண்டு மாடி.
எடுத்தவர் பேர் கோயில்பிச்சை.
'சாமி கும்பிடவாம்மா? ஆடி அமாசைக்கு இன்னும் நாள் கெடக்கே.'
இல்லை.
'கல்யாணமா? அன்னைக்கு ஊர்ல முகூர்த்தம் ஒண்ணும் இல்லியே.'
இல்லை.
குரலைத் தாழ்த்திக்கொண்டார்.
'துட்டிக்கா?'
யாரும் சாகலை அண்ணாச்சி. சும்மா.
'சும்மான்னா?'

அவர் தலைக்கு மேல் ஓடுகிற காற்றாடி
எனக்குக் கேட்டது.

சும்மா என்றால்,
பிசானம் அறுத்த வயலில் வாத்துகள் இறங்குவதை
ஜன்னலில் மோவாயை வைத்துப் பார்க்கணும்.
கெளுத்தி பொரிக்கிற வாசம் எந்தக் கடையிலிருந்து வருகிறதோ
அந்தக் கடையில் சாப்பிடணும்.
பகலில் தூங்கணும், தூங்குவதற்காக இல்லாமல்.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
இந்த மாதம் பதினோரு நைட் டூட்டி எனக்கு.
இதையெல்லாம் லாட்ஜ்காரரிடம் சொல்லவா முடியும்?

ஆத்தைப் பார்க்க, என்றேன்.

'அங்க உங்க பக்கம் ஓடுறதும் இதே தண்ணிதானம்மா.'

இதே தண்ணிதான்.
ஆனால் கொக்கிரகுளம் பாலத்தடியில் அது
ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கப் போகிற என்னைப்போலத்தான் போகும்.
அதற்கும் கீழே எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள்.
ஸ்ரீவைகுண்டத்துக் கடைசி அணையில்
வடகாலுக்கு இவ்வளவு தென்காலுக்கு இவ்வளவு என்று
கணக்குத் தீர்த்துவிட்டு,
மிச்சத்தை எடுத்துக்கொண்டு ஏரலுக்கு வரும்போது
அதற்கு இனிமேல் ஒரு வேலையும் கிடையாது.
கடல் வேறு பக்கத்தில் இருக்கிறது, தேட வேண்டாம்.
வாழைக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் நடுவே
மணல் திட்டு மணல் திட்டாக நின்று நின்று,
டூட்டி முடிந்து செருப்பைக் கழற்றிப் போட்ட மாதிரி
காலை அகட்டிக்கொண்டு கிடக்கும்.
அந்த ஆற்றைத்தான் பார்க்கணும்.

'சரி, கீழ ரூம் வேண்டாம்மா' என்றார்.
'வெள்ளத்துக்கு அப்புறம் ரெண்டு தடவை வெள்ளையடிச்சாச்சு,
ஈரவாடை போக மாட்டேங்கு.
கோடு இன்னும் தெரியும், எம் பொடதி வரைக்கும்.'

அந்த மார்கழி.
கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை.
சும்மா கிடக்கிற ஆறு என்று நானாக நினைத்துக்கொண்டது.

பிறகு அவரே ஆரம்பித்தார்.
'மேல தெக்குப் பார்த்த ரூம் போடுதேன்.
லெட்ஜர்ல வந்த காரணம்னு ஒரு கட்டம் இருக்கு,
சும்மான்னு எழுத முடியாது. போலீஸ் கேப்பான்.
சொந்த வேலைன்னு போடவா?'

வேலைன்னு மட்டும் போட்டுராதிய அண்ணாச்சி.

சிரித்தார். என்ன எழுதினாரென்று சொல்லவில்லை.

ராத்திரி நோட்டில் புதுப் பக்கம் கிழிபட்டிருந்தது.
சாரம் இரண்டு, துண்டு இரண்டு,
டூட்டி மாற்றிக்கொண்ட ரோஸ்மேரிக்கு
ஏரல் கடைத்தெருவில் ஒரு பித்தளைச் சொம்பு,
குரும்பூரில் ரயில் இறங்கும் நேரம்.
அவ்வளவுதான் எழுதியிருந்தார்.
திரும்பி வருகிற வண்டியை
மறந்தாரா, விட்டாரா என்று கேட்கவில்லை.

கொசுவர்த்தி, என்று அடியில் நான் ஒன்று சேர்த்தேன்.